இப்னு கல்தூன் 'பொருளியலின் தந்தை'யா? ஒரு மேற்கோளின் பின்னணி

வரிக்குறைப்பு பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் இணையத்தில் ஒரு மேற்கோளும் கூடவே சுற்றத் தொடங்கிவிடுகிறது. 'அரசவம்சத்தின் தொடக்கத்தில் சிறிய வரியில் பெரிய வருவாய் வரும். முடிவில் பெரிய வரி போட்டும் சிறிய வருவாயே வரும்' என்பது அதன் சாரம். எழுதியவர் 14ஆம் நூற்றாண்டின் அரபு அறிஞர் இப்னு கல்தூன். பதிவின் அடியில் வழக்கமாக ஒரு பட்டம் இருக்கும்: 'ஆடம் ஸ்மித்துக்கு 400 ஆண்டுகளுக்கு முன்பே பொருளியலைக் கண்டுபிடித்தவர்.' ஸ்மித் என்பவர், நவீனப் பொருளியலின் தந்தை என்று பொதுவாகச் சொல்லப்படும் 18ஆம் நூற்றாண்டு ஸ்காட்லாந்துக்காரர். அதற்குக் கீழே இன்னொருவர் வந்து, 'அரபுகள் கிரேக்க நூல்களைக் கைமாற்றிவிட்ட தபால்காரர்கள், அவ்வளவுதான்' என்று எழுதியிருப்பார்.

மேற்கோள் போலியில்லை. இப்னு கல்தூன் அப்படித்தான் எழுதியிருக்கிறார். பட்டமும் சரியில்லை, தபால்காரர் கதையும் சரியில்லை. ஏன் என்று பார்க்க, 'பொருளியல்' என்ற சொல்லிலிருந்தே ஆரம்பிக்க வேண்டும்.

வீட்டுக் கணக்கிலிருந்து வந்த சொல்

ஐரோப்பிய மொழிகளில் பொருளியலைக் குறிக்கும் சொல் 'ஒய்கோனோமியா' என்ற கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. 'ஒய்கோஸ்' என்றால் வீடு. பணம், அடிமைகள், மனைவி, பிள்ளைகள் என்று ஒரு குடும்பத்தலைவன் தன் மனையை எப்படி நடத்துவது என்பதுதான் ஒய்கோனோமியா. சந்தை, பணவீக்கம், வேலைவாய்ப்பு எல்லாம் அதன் எல்லைக்குள் பெரும்பாலும் வராது.

அரபியில் இதை 'தத்பீருல் மன்ஸில்' என்றார்கள். மனையை நடத்துதல் என்று பொருள். இப்னு ஸீனா போன்ற மெய்யியலாளர்கள் நடைமுறை அறிவை மூன்றாகப் பிரித்தார்கள்: தன்னை நடத்துவது அறவியல், வீட்டை நடத்துவது மனையாட்சி, நகரத்தை நடத்துவது அரசியல்.

இந்த நடுப்பிரிவுக்கு அவர்களிடம் இருந்த முக்கியமான மூலநூல், பிரைசன் என்ற கிரேக்கர் எழுதிய சிறு நூல். இன்று பொருளியல் மாணவர்கள் யாரும் இவர் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். கிரேக்க மூலத்தில் இரண்டு துண்டுகள்தான் மிஞ்சின. முழு நூலும் அரபு மொழிபெயர்ப்பில் பிழைத்தது. அரபியிலிருந்து ஹீப்ருவுக்கும் லத்தீனுக்கும் போனது. ஜெர்மன் அறிஞர் மார்ட்டின் ப்ளெஸ்னர் 1928இல் இதைப் பதிப்பித்தார். சைமன் ஸ்வைனின் விரிவான ஆய்வுப்பதிப்பு 2013இல் வந்தது.

பிரைசன் பணத்துக்குச் சொல்லும் காரணம் எளிது. எந்த மனிதனும் தனக்கு வேண்டிய எல்லாத் தொழிலையும் தானே செய்ய முடியாது. ஒவ்வொருவருக்கும் மற்றவர் தேவை. ஆனால் என்னிடம் இருப்பது உனக்கு வேண்டாத நேரத்தில் மாற்று நடக்காது. அதனால் எல்லோரும் ஏற்கும் ஒரு பொருளை நடுவில் வைத்தார்கள், அதுவே பணம். இந்த விளக்கம் நஸீருத்தீன் தூஸியின் பாரசீக அறநூல்வரை நீண்டது. அந்த நூலை அக்பர் தன் அவையில் படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். ஆக, ஒரு கிரேக்கரின் குடும்பக் கணக்குப் பாடம் பாக்தாத், ஈரான் வழியாக ஃபதேபூர் சிக்ரி பக்கம் வந்து சேர்ந்தது. தபால்காரர்கள் என்பவர்கள் இதையாவது கவனிக்க வேண்டும்: கடிதம் ஐரோப்பாவுக்கு மட்டும் போகவில்லை.

அப்புறம், ஒரு கடிதம் வந்தே சேரவில்லை. அரிஸ்டாட்டிலின் 'அரசியல்' அரபியில் புழங்கவில்லை. வட்டியையும் வணிகத்தையும் அவர் அதிகம் பேசிய நூல் அதுதான். அது கையில் கிடைக்காததால்தான் 12ஆம் நூற்றாண்டு மெய்யியலாளர் இப்னு ருஷ்து பிளேட்டோவின் 'குடியரசு'க்கு உரை எழுதினார்; அந்த உரையிலேயே அதைச் சொல்லவும் செய்கிறார்.

'பெரும் இடைவெளி'

இந்தச் சர்ச்சையின் இன்றைய வடிவத்துக்கு வித்திட்டவர் பொருளியலாளர் ஜோசப் ஷும்பீட்டர். 1950இல் அவர் இறந்தபின், மனைவி எலிசபெத் தொகுத்த பொருளியல் சிந்தனை வரலாறு 1954இல் வெளியானது. அதில் கிரேக்க, ரோமானியச் சிந்தனைகளை முடித்துவிட்டு, நம் விஷயத்தைப் பொறுத்தவரை 500 ஆண்டுகளைத் தாண்டி நேராக 13ஆம் நூற்றாண்டின் கிறித்தவ இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸிடம் போகலாம் என்கிறார். இதைத்தான் 'பெரும் இடைவெளி' என்கிறார்கள்.

ஷும்பீட்டர் அரபு அறிஞர்களை அறியாதவர் அல்ல. அரிஸ்டாட்டில் மேற்குக்குத் திரும்ப அவர்கள் உதவியதைக் குறிப்பிடுகிறார், இப்னு கல்தூன் பெயரும் அவர் நூலில் வருகிறது. ஆனால் பொருளியல் ஆய்வு என்ற கணக்கில் அந்த நூற்றாண்டுகள் வெற்றுத்தாள்.

எதிர்வினை மெல்ல வந்தது. ஜோசப் ஸ்பெங்லர் 1964இல் இப்னு கல்தூனின் பொருளியல் சிந்தனை பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். 1971இல் ழான் டேவிட் புலாக்கியா அவரைப் 'பதினான்காம் நூற்றாண்டுப் பொருளியலாளர்' என்றே அழைத்தார். 1990இல் எஸ்.எம். கஸன்ஃபரும் அப்துல் அஸீம் இஸ்லாஹியும் இஸ்லாமிய இறையியலாளர் அல்-கஸ்ஸாலியைப் பற்றி எழுதினார்கள். இடைவெளியில் ஆள் இருந்தார்கள் என்று காட்டிய அளவில் இந்த வேலை மதிப்பானது. அவர்கள் கையில் என்ன இருந்தது என்று சொல்வதில்தான் சிலர் அளவு மீறினார்கள். எங்கே நவீனக் கோட்பாட்டின் சாயல் தெரிகிறதோ, அங்கே ஒரு 'முன்னோடி' பலகை நட்டுவிட்டார்கள்.

கஸ்ஸாலியின் ஊசியும் கண்ணாடியும்

1058இலிருந்து 1111வரை வாழ்ந்த அல்-கஸ்ஸாலியின் பெருநூல் 'இஹ்யா'. அதில் பணத்தைப் பற்றி ஒரு பகுதி வருகிறது. ஒருவனிடம் குங்குமப்பூ இருக்கிறது, அவனுக்கு ஒட்டகம் வேண்டும். ஒட்டகத்துக்கு எவ்வளவு குங்குமப்பூ? இரண்டையும் நேராக ஒப்பிட வழியில்லை. நடுவராக இருந்து இரண்டின் மதிப்பையும் சொல்லத்தான் பொன்னும் வெள்ளியும் படைக்கப்பட்டன என்கிறார்.

அடுத்து வரும் உவமைகள்தான் அழகு. பணம் கண்ணாடி மாதிரி: தனக்கென்று நிறமில்லை, எல்லா நிறத்தையும் காட்டும். பணம் இலக்கணத்தில் வரும் இடைச்சொல் மாதிரி: தனக்கென்று பொருளில்லை, மற்றச் சொற்களின் பொருள் அதனால் விளங்கும். பணத்தைப் பதுக்குகிறவன் ஊரின் நீதிபதியைச் சிறையில் அடைப்பவன். பொன்னையும் வெள்ளியையும் உருக்கிப் பாத்திரம் செய்கிறவன், ஊரை ஆள வேண்டியவரை நெசவுக்கு அனுப்புகிறவன். பாத்திரம் செய்யத்தான் செம்பும் மண்ணும் இருக்கின்றனவே.

ஊசியைப் பற்றியும் பேசுகிறார். ஒரு சின்ன ஊசி உருவாக, ஊசி செய்பவரின் கைகளில் அது 25 முறை போய்வருகிறது என்கிறார். ஆடம் ஸ்மித் 1776இல் குண்டூசித் தொழிற்சாலையில் 18 வேலைகளை எண்ணினார். இரண்டையும் பக்கத்தில் வைத்து, 'ஸ்மித் கஸ்ஸாலியிடம் எடுத்தார்' என்று சொல்லிவிடுவது சுலபம்.

இரண்டு தடைகள் இருக்கின்றன. ஒன்று, வழி. ஸ்மித்துக்கு முன்பே வந்த பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்தில் குண்டூசி பற்றிய கட்டுரை இருக்கிறது, அதே 18 வேலைகளோடு. கஸ்ஸாலியின் 'இஹ்யா'வோ இடைக்காலத்தில் லத்தீனுக்குப் போகவில்லை. லத்தீன் உலகம் 'அல்கஸெல்' என்ற பெயரில் அறிந்தது, மெய்யியலாளர்களின் கொள்கைகளை அவர் தொகுத்துக் கொடுத்த இன்னொரு நூலை. அந்தக் கொள்கைகளைப் பின்னர் மறுத்தவர் அவர். மறுப்பு கைக்கு வரும் முன் தொகுப்பு போய்ச் சேர்ந்ததால், தான் எதிர்த்த கட்சியின் ஆளாகவே ஐரோப்பாவில் அவர் நீண்டகாலம் அறியப்பட்டார்.

இன்னொன்று, நோக்கம். பணம் பற்றிய பகுதி வருவது இறைவனுக்கு நன்றி செலுத்துவது பற்றிய அத்தியாயத்தில். படைக்கப்பட்ட ஒவ்வொன்றையும் அதற்குரிய வேலைக்குப் பயன்படுத்துவதே நன்றி; பதுக்கலும் வட்டியும் பணத்தை அதன் வேலையிலிருந்து விலக்குகின்றன, ஆகவே நன்றிகேடு. ஊசியிலும் அவர் காண்பது எத்தனை கைகள் கூடினால் ஒரு சிறு பொருள் நமக்குக் கிடைக்கிறது என்ற வியப்பை. வேலையைப் பிரித்தால் உற்பத்தி எத்தனை மடங்கு பெருகும் என்பது ஸ்மித்தின் கேள்வி. பத்துப்பேர் ஒரே நாளில் 48,000 குண்டூசி என்று அவர் போட்ட கணக்கை கஸ்ஸாலி போடவில்லை, போட வேண்டிய தேவையும் அவருக்கு இல்லை.

கெய்ரோவில் செம்புக்காசு

பொருளியலுக்கு உண்மையில் மிக அருகில் வந்தவர் யார் என்று கேட்டால், நான் கஸ்ஸாலியையோ இப்னு கல்தூனையோ சொல்ல மாட்டேன். அல்-மக்ரீஸியைச் சொல்வேன். இவர் இப்னு கல்தூனின் கெய்ரோ மாணவர், வரலாற்றாசிரியர். எல்லாவற்றுக்கும் மேலாக, கெய்ரோவின் 'முஹ்தஸிப்' ஆக இருந்தவர். தராசையும் படிக்கல்லையும் சோதித்துச் சந்தையைக் கண்காணிக்கும் அதிகாரி.

1403ஐ ஒட்டி நைல் போதுமான அளவு பெருகவில்லை. பஞ்சமும் கொள்ளைநோயும் சேர்ந்து வந்தன. மக்ரீஸி தன் மகளையும் அந்த ஆண்டுகளில் இழந்தார். 1405இல் அவர் எழுதி முடித்த சிறுநூல், 'நைல் ஏமாற்றிவிட்டது' என்ற பதிலை ஏற்கவில்லை. பஞ்சம் முன்பும் வந்திருக்கிறது, நைல் திரும்பியதும் போயிருக்கிறது; இந்த முறை ஏன் போகவில்லை என்று கேட்கிறார். அவர் சொல்லும் காரணங்கள் மூன்று:

1. பதவிகள் லஞ்சத்துக்கு விற்கப்படுகின்றன. கடன் வாங்கிப் பதவி வாங்கியவன் அதை ஊராரிடமிருந்து கறக்கிறான். தாங்க முடியாத உழவர்கள் ஊரைவிட்டு ஓடுகிறார்கள்.
2. நிலக்குத்தகை ஏறிக்கொண்டே போகிறது. விதைப்பதற்கும் அறுப்பதற்குமான செலவும் கூடுகிறது.
3. செம்புக்காசு பெருகிவிட்டது.

மூன்றாவதில்தான் அவர் அதிக நேரம் நிற்கிறார். அந்தக் காசுக்குப் பெயர் 'ஃபுலூஸ்'. வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பிய எவருக்கும் இந்தச் சொல் தெரியும், அங்கே இன்று பணம் என்றாலே ஃபுலூஸ்தான். மக்ரீஸி காலத்துக்கு முன் அது கீரை, மிளகு மாதிரிச் சில்லறைச் சாமானுக்கான காசு. சுல்தான் பர்கூக்கின் ஆட்சியில் ஐரோப்பாவிலிருந்து செம்பை இறக்கி ஏராளமாக அச்சடித்தார்கள், அச்சடித்தவர்களுக்கு லாபம். வெள்ளி திர்ஹம் சந்தையிலிருந்து காணாமல் போய் நகையாக மாறியது. கூலி முதல் வீட்டு வாடகைவரை செம்பில் பேசப்பட்டது.

அவருடைய கூர்மை இங்கே தெரியும். விலைகளைப் பொன்னிலும் வெள்ளியிலும் கணக்கிட்டுப் பாருங்கள், பெரிதாக ஏறவில்லை என்கிறார். செம்பில் பார்த்தால்தான் விலை வானத்தில் நிற்கிறது. அப்புறம் மக்களை ஏழு வகையாகப் பிரித்து, யாருக்கு என்ன ஆயிற்று என்று எழுதுகிறார். பணவீக்கம் எல்லோரையும் ஒரே மாதிரி தாக்காது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

இவரையும் ஒரு நவீன முகாமில் சேர்க்கலாம், சேர்க்கிறார்கள். ஆனால் மக்ரீஸியின் தீர்வு, பொன்னும் வெள்ளியும் மட்டுமே உண்மையான பணம், அவற்றுக்கே திரும்புங்கள் என்பது. அதற்கு அவர் காட்டும் ஆதாரம் மார்க்கமும் முன்னோர் வழக்கமும். காசின் அளவை அரசு எப்படி நிர்வகிக்கலாம் என்ற கேள்வியே அவரிடம் இல்லை. விடை எவ்வளவு கூர்மையாக இருந்தாலும், அது அவருடைய கேள்விக்கான விடை.

ஒற்றுமை வேறு, வழி வேறு

'இவர்தான் முதலில் சொன்னார்' என்று யாராவது எழுதினால், மூன்று விஷயங்களைத் தனித்தனியாகப் பிரித்துக்கொள்வது நல்லது.

1. கருத்து ஒத்திருக்கிறதா? இதைக் காட்டுவது எளிது. நம் புறநானூற்றிலேயே பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடைநம்பிக்குச் சொல்வது நினைவிருக்கும். 'மா' என்ற சிறு நில அளவுக்கும் குறைந்த நிலமானாலும் நெல்லை அறுத்துக் கவளமாக்கிக் கொடுத்தால் யானைக்குப் பல நாள் வரும். நூறு வயலானாலும் யானையே உள்ளே புகுந்தால் வாயில் போவதைவிடக் காலில் மிதிபடுவதுதான் அதிகம். வரி பற்றிய அதே எச்சரிக்கை. பிசிராந்தையாரிடமிருந்து இப்னு கல்தூன் எடுத்தார் என்று யாரும் சொல்ல மாட்டோம். வரி வாங்கும் அரசு இருந்த இடத்திலெல்லாம் இந்த எண்ணம் தோன்றக்கூடியதுதான்.

2. போய்ச்சேர வழி இருந்ததா? எந்த மொழியில், எந்த ஆண்டில், யார் கையில் என்று காட்ட வேண்டும். அரிஸ்டாட்டிலின் அறவியலுக்கு இப்னு ருஷ்து எழுதிய உரை 1240இல் ஸ்பெயினின் டோலேடோவில் லத்தீனாயிற்று. அதில் பணம் பற்றிய பகுதியும் உண்டு. இது உண்மையான வழி. ஆனால் அரிஸ்டாட்டிலின் அதே நூலை ஆங்கிலேய ஆயர் ராபர்ட் க்ரோஸ்டெஸ்ட் சில ஆண்டுகளிலேயே கிரேக்கத்திலிருந்து நேராக மொழிபெயர்த்துவிட்டார். அக்குவினாஸ் சொன்னதில் எது எந்த வழியில் வந்தது என்று வரிவரியாகத்தான் பார்க்க முடியும். அந்த வரி மேற்கோள் இருக்கும் நூலான இப்னு கல்தூனின் 'முகத்திமா'வுக்கு ஐரோப்பாவில் இப்படி வழியே இல்லை. பாரிஸில் அரபுப் பதிப்பு வந்தது 1858இல், பிரெஞ்சு மொழிபெயர்ப்பு 1860களில், ரோஸன்தாலின் முழு ஆங்கில மொழிபெயர்ப்பு 1958இல். அதற்கு முன்பே அதைப் படித்து, தம் பேரரசின் நோய்க்குக் குறிப்பெடுத்தவர்கள் உஸ்மானியத் துருக்கியர்கள். 1730 வாக்கில் பீரீஸாதே அதன் பெரும்பகுதியைத் துருக்கியில் மொழிபெயர்த்தார். தந்தை என்றால் பிள்ளை வேண்டுமே. ஸ்மித் அந்தப் பிள்ளையாக இருக்க வாய்ப்பில்லை.

3. எந்தக் கேள்விக்கு விடையாக அது எழுதப்பட்டது? பலர் தவறவிடுவது இதைத்தான். முதலில் பார்த்த மேற்கோளையே எடுத்துக்கொள்வோம்.

அந்த மேற்கோள் இருக்கும் பக்கம்

1974இல் வாஷிங்டன் உணவகம் ஒன்றில் அமெரிக்கப் பொருளியலாளர் ஆர்தர் லாஃபர் கைத்துடைக்கும் துணியில் ஒரு வளைகோட்டை வரைந்து காட்டியதாகச் சொல்லப்படும் கதை பிரபலம். வரிவிகிதம் ஓர் அளவைத் தாண்டினால் வருவாய் குறையும் என்பது அந்தக் கோடு. 1981 ஆகஸ்டில் அமெரிக்காவின் உச்ச வருமானவரி 70 சதவீதத்திலிருந்து 50ஆகக் குறைக்கச் சட்டம் வந்தது. அக்டோபர் 1 அன்று பத்திரிகையாளர் சந்திப்பில் அதிபர் ரொனால்ட் ரீகன், இப்னு கல்தூன் பெயரைச் சொல்லி அந்த மேற்கோளை எடுத்துவிட்டார். சின்ன வரி, பெரிய வருவாய், அதற்குத்தான் நாங்களும் முயல்கிறோம் என்றார். லாஃபரும் பின்னர், இது என் கண்டுபிடிப்பல்ல என்று இப்னு கல்தூனைக் காட்டினார். துணைக்கு அவர் காட்டிய இன்னொரு பெயர், மந்தக் காலத்தில் அரசு செலவழிக்க வேண்டும் என்ற பிரிட்டிஷ் பொருளியலாளர் கெய்ன்ஸ்.

இப்னு கல்தூன் இதை எழுதியது 1377இல், இன்றைய அல்ஜீரியாவில் உள்ள கல்அத் இப்னு ஸலாமா என்ற கோட்டையில். வட ஆப்பிரிக்க அரசவைகளில் பதவி, சிறை, தூது எல்லாம் பார்த்துக் களைத்துப் போய் ஒதுங்கியிருந்தார். அவரைக் குடைந்த கேள்வி ஒன்றே: அரசவம்சங்கள் ஏன் எழுகின்றன, ஏன் மூன்று நான்கு தலைமுறையில் விழுகின்றன? அவர் பயன்படுத்தும் 'தவ்லா' என்ற சொல்லுக்கு அரசு, அரசவம்சம் இரண்டும் பொருள். அதை எழுப்புவது 'அஸபிய்யா', ஒரு கூட்டத்தை ஒருவருக்கொருவர் உயிரைக் கொடுக்க வைக்கும் பிணைப்பு. பாலையிலும் மலையிலும் அது இறுகியிருக்கும். நகரத்துச் சுகத்தில் தளர்ந்துவிடும்.

வரி இந்தக் கதைக்குள் வருகிறது. தொடக்கத்தில் வரி ஏன் குறைவு? மார்க்கவழி ஆட்சி என்றால் ஜகாத் (தருமவரி), கராஜ் (நிலவரி), ஜிஸ்யா (முஸ்லிமல்லாதோர் தலைவரி) என்று அளவு கட்டப்பட்ட வரிகளே உண்டு. குடிப்பிணைப்பால் எழுந்த ஆட்சி என்றால், பாலை வாழ்க்கையின் பெருந்தன்மையும் பிறர் பொருளில் கைவைக்கக் கூசும் குணமும் இன்னும் போகவில்லை. குடிகள் ஊக்கத்தோடு உழைக்கிறார்கள், நிலம் பெருகுகிறது, வருவாயும் பெருகுகிறது. தலைமுறை மாற மாற அரண்மனைச் செலவு ஏறுகிறது, கூலிப்படை வேண்டியிருக்கிறது, வரி படிப்படியாக உயர்கிறது. உழைத்து என்ன மிஞ்சும் என்று குடிகள் கையை விடுகிறார்கள். அடுத்து சந்தைத் தீர்வைகள். அடுத்து அரசனே வியாபாரத்தில் இறங்குகிறான். தன் சரக்கை விற்க வரும் அரசனோடு யார் பேரம் பேச முடியும் என்று அதற்கு ஒரு தனிப்பகுதி எழுதியிருக்கிறார்.

சில பக்கம் தள்ளிப் போனால், ரீகன் எடுத்துக்காட்டாத இடம் வருகிறது. அரசுதான் எல்லாச் சந்தைக்கும் பெரிய சந்தை என்கிறார். அரசன் பணத்தைச் செலவழிக்காமல் பிடித்துவைத்தால் அவனைச் சுற்றியுள்ளோர் கையில் பணமிராது, அவர்கள் வாங்குவது நிற்கும், கடைவீதி படுக்கும், கடைசியில் வரியும் விழும். பணம் குடிகளுக்கும் அரசனுக்கும் நடுவே போய்வந்துகொண்டிருப்பது. அரசன் அதை நிறுத்திக்கொண்டால் குடிகளுக்கு அது இல்லாமற் போகிறது. வரிக்குறைப்புக்காரர்களுக்கு ஒரு மேற்கோள் கிடைத்த அதே அத்தியாயத்தில், அரசு செலவழிக்க வேண்டும் என்பவர்களுக்கும் ஒன்று தயாராக இருக்கிறது. ஒரே ஆள் இரு கட்சிக்கும் சாட்சி சொல்கிறார் என்றால், அவரிடம் கேட்கப்பட்டதே வேறு வழக்கு.

அந்த வழக்கில் அவர் தீர்ப்பு கடுமையானது. அதே அத்தியாயத்தில் ஆந்தைக் கதை ஒன்றும் சொல்கிறார். பாரசீக அரசன் பஹ்ராம் ஆந்தைகளின் குரலைக் கேட்டு, என்ன பேசுகின்றன என்று தன் குருவைக் கேட்டான். பெண் ஆந்தை திருமணத்துக்கு இருபது பாழடைந்த ஊர்களைக் கேட்கிறது, இந்த அரசனே ஆண்டுகொண்டிருந்தால் ஆயிரம் ஊர் தருகிறேன் என்கிறது ஆண் ஆந்தை, என்றார் குரு. கதையில் அரசன் திருந்திவிடுகிறான். ஆனால் இப்னு கல்தூனின் கோட்பாட்டில் அப்படித் திருந்தித் தப்பிக்க இடம் குறைவு. வம்சத்துக்கு முதுமை வந்துவிட்டால், மனிதனுக்கு வந்த முதுமை மாதிரி, மருந்தில்லை. கடைசிக் காலத்தில் சில வேளை ஒரு புதிய வலிமை தோன்றி, தளர்ச்சி நீங்கியதுபோல் காட்டும் என்கிறார். திரி அணையுமுன் ஒரு கணம் நிமிர்ந்து எரிவதுபோல.